புரொபசரும் வைக்கோல் விரித்த மேசையும்

எங்கள் டாஃபின் ஊர்த் தானியக் கிடங்கில் ஓரெஸ்ட் பவ்லிச்சின் என்பவன் ஆயுள் முழுக்கக் கோதுமையைத் தரம் பிரித்தான். வண்டி வந்து நிற்கும். உள்ளங்கை நிறைய மணியை அள்ளுவான், ஊதுவான், இரண்டைக் கடித்துப் பார்ப்பான். பிறகு நம்பர் ஒன் என்பான், நம்பர் டூ என்பான், பிடிக்காவிட்டால் மாட்டுத் தீவனம் என்பான். வருஷமெல்லாம் மண்ணோடு மல்லுக்கட்டிய ஆட்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்து நிற்பார்கள். அந்தச் சுகம் ஒரு மனிதனை என்ன செய்யுமோ அதை அவனைச் செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகாவது அந்தக் கையைக் கழுவியிருக்கலாம். கழுவவில்லை. மனைவி ஸ்டெஃபா வைத்த சூப்புக்கு நம்பர் போட்டான். பாதிரியாரின் பிரசங்கத்துக்குப் போட்டான். எதிர்வீட்டுக்காரி பனி வாருகிற அழகுக்கும் போட்டான். அவனுக்கு நம்பர் போடத்தான் ஆள் இல்லை. ஸ்டெஃபா மனசுக்குள் எப்போதோ போட்டு வைத்திருந்தாள், வெளியே சொல்லவில்லை. அவ்வளவுதான்.

மகள் லரிஸாவுக்குக் கல்யாணம் பேசிய அன்றைக்கு, மாப்பிள்ளை டெரிக் தன் அப்பா அம்மாவோடு சாப்பிட வந்தான். வீடுகளுக்குச் சூடேற்றும் அடுப்பு இருக்கிறதே, அதைப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. நல்ல பையன். பேச்சுதான் மெதுவாக வரும். ஒன்றைக் கேட்டால் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லுவான். ஓரெஸ்ட் அவனிடம் எதையோ கேட்டான், பையன் யோசித்துக்கொண்டிருந்தான். அதற்குள் இவன் சம்பந்தி பக்கம் திரும்பி, ரொட்டியை மென்றுகொண்டே, "ரெண்டாம் நம்பர்கூட தேறாது, தீவனம்தான்" என்றான். சிரிக்க வேறு செய்தான். பையனின் அம்மா அப்படியே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

லரிஸா அன்றைக்கு எழுந்து போனவள்தான். கல்யாணம் நடந்தது, ஹன்யா என்று ஒரு பெண் குழந்தை பிறந்து ஓடியாடவும் தொடங்கிவிட்டது. ஒரே ஊர், நடுவில் நாலு தெரு. பிறந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. ஸ்டெஃபாதான் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருவாள். இவனைக் கேட்டால், "நான் என்ன கதவைப் பூட்டியா வெச்சிருக்கேன்?" என்பான். அவன் நியாயம் அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற பிறகு தரம் பிரிக்க ஒன்றும் இல்லாமல் கை அரித்தது போலிருக்கிறது. இலையுதிர் காலத்தில் காப்பகத்துக்குப் போய் ஒரு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். கறுப்பும் வெள்ளையுமாக, ஒரு காது நின்று ஒரு காது தொங்கும் நாய். ஆடு மேய்க்கிற ஜாதி. காப்பகத்தில் அதற்கு மஃபின் என்று பெயர். இவன் வீட்டுக்கு வருவதற்குள் புரொபசர் என்று மாற்றிவிட்டான். நாய்க்கு எந்தப் பெயரும் ஒன்றுதான், சோறு போட்டால் வரும். பட்டம் தேவைப்பட்டது நாய்க்கு இல்லை.

அந்த நாயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓட வேண்டிய உடம்பு அது. எங்கள் குளிரில் எங்கே ஓடும்? காலைத் தரையில் வைத்தால் பாதம் ஒட்டிக்கொள்கிற குளிர். வெளியே போய்க் காலைத் தூக்கிவிட்டு உடனே உள்ளே ஓடி வந்துவிடும். பிறகு வீட்டுக்குள் முன்னும் பின்னும் நடக்கும். ஒரு நாள் நாற்காலிக் காலைத் தின்றது. இன்னொரு நாள் ஸ்டெஃபாவின் குளிர் பூட்ஸில் ஒன்றைத் தின்றது. இப்படிப்பட்ட நாய்க்கு மூளைக்கு வேலை கொடுத்தால் அடங்கும் என்று மிருக வைத்தியர் சொன்னார். ஸ்டெஃபாவுக்கும் அது சரியென்றே பட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், தானும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

அவ்வளவுதான், ஓரெஸ்ட் பிடித்துக்கொண்டான். சமையலறையில் கரண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் தெரியாது அவனுக்கு. அப்பேர்ப்பட்டவன் அலமாரியைக் குடைந்து குழி குழியாக இருக்கிற கேக் தட்டை எடுத்து, குழிக்கு ஒரு ஈரல் துண்டு போட்டு, மேலே டென்னிஸ் பந்தை வைத்து மூடி, நாய் பந்தைத் தள்ளிவிட்டுத் தின்பதைத் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தான். குளித்துத் துடைக்கிற துண்டுகளை விரித்து, ஈரலைத் தூவி, பாய் மாதிரி சுருட்டி வைப்பான். நாய் ஒரு முனையைப் பல்லால் கவ்வி இழுத்துப் பிரிக்கும். இழுக்க இழுக்கச் சாப்பாடு உதிரும். மரத்தில் இழுப்பறை இழுப்பறையாகச் செய்த விளையாட்டுப் பெட்டி தபாலில் வந்தது. பொம்மைகளுக்குப் பெயர் வைத்து, பெயர் சொன்னால் எடுத்து வரப் பழக்கினான். அவனே அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு நாயைத் தேடச் சொன்னான். லரிஸா சின்னவளாக இருந்தபோது கண்ணாமூச்சி ஆடக் கூப்பிட்டால், கிடங்கில் நாள் முழுக்க நின்ற கால் என்று சொல்லிப் படுத்துக்கொண்டவன்தான் இவன்.

எல்லாவற்றிலும் பெருமை மூன்று கோப்பை விளையாட்டுக்கு. ஒரு கோப்பைக்கு அடியில் ஈரலை வைத்து, மூன்றையும் மாற்றி மாற்றித் தள்ளுவான். நாய் சரியான கோப்பையை மூக்கால் தட்டும். தட்டிய உடனே, "நம்பர் ஒன். ஏற்றுமதி ரகம்" என்பான். காப்பிக் கடையில் கிழவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, அதுதான் பேச்சு. ஊரில் பாதிப் பேரைவிட இதற்கு மூளை அதிகம் என்று வாய் கிழியச் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பாதியில்தான் இருந்தார்கள். அது அவனுக்கு உறைக்கவில்லை.

ஸ்டெஃபா ஒரு நாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பார்த்தாள். நாய் கோப்பையைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தையே பார்த்தது. சரியான கோப்பை வந்தபோது அவன் புருவம் ஏறி இறங்கியது, உடனே தட்டியது. இன்னொரு நாள் அவன் இல்லாதபோது அவளே வைத்துப் பார்த்தாள், தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. நாய் மூன்று கோப்பையையும் விட்டுவிட்டு அவளைச் சுற்றி வந்து அவள் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டது. அவன் வந்ததும் சொன்னாள். அவள் நின்ற விதத்தில் நாய் மனசு கலைந்துவிட்டது என்றான். மனசு கலைந்த நாய், அவள் கையிலிருந்த உருளைக்கிழங்குத் தோலை வாங்கி மென்றுகொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நோன்பு வந்தது. வீட்டில் இறைச்சி கிடையாது. அந்த நோன்பிலும் ஸ்டெஃபாவின் அடுப்பில் நாய்க்கு ஈரல் வறுபட்டுக்கொண்டிருந்தது. வீடெல்லாம் அந்த வாசனை. அவள் அவரையைத் தின்றாள், நாய் ஈரல் தின்றது. ஓரெஸ்ட் என்ன தின்றான் என்று அவள் உற்றுப் பார்க்கவில்லை, பார்த்தால் பாவம் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

துண்டு சுருட்டுகிற ஆட்டம் சலித்ததும் வைக்கோலுக்குப் போனான். நல்ல காய்ந்த வைக்கோல் ஒரு மூட்டை வாங்கி, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி, அடியில் ஈரலைப் புதைத்தான். நாய் தோள் வரைக்கும் தலையை விட்டுக் கிளறும். வைக்கோல் கூரை வரைக்கும் பறக்கும். தினம் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். கூட்டுவது யார் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நாளில், அவன் ஸ்வெட்டரில் ஒரு வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தால்கூட நாய் வந்து அதை மோந்து நின்று எச்சில் ஒழுக்கத் தொடங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் தேவாலயத்து அடித்தளச் சமையலறையில், பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வைத்த பிரோகிக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்த அன்றைக்கு, லரிஸா மாவுக் கையோடு அம்மா பக்கம் சாய்ந்து பேசினாள். ஸ்டெஃபா கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையே விட்டுவிட்ட விஷயம் அது.

"கிறிஸ்துமஸ் புனித ராத்திரி சாப்பாட்டுக்கு வர்றோம்மா. டெரிக்தான் போலாம்னு சொல்றார். ஆனா ஒண்ணு. அப்பா அவரைப் பத்தி ஒரு பேச்சுப் பேசினாலும் நான் எழுந்து வந்துடுவேன். அப்புறம் நீ செத்தாத்தான் அந்த வீட்டுக்கு வருவேன்."

ஸ்டெஃபா மடித்த பிரோகி வாய் மூடாமல் உருளைக்கிழங்கு வெளியே வந்ததுதான் மிச்சம்.

அன்று வீட்டுக்குப் போய் ஓரெஸ்டை உட்கார வைத்துச் சொன்னாள். டெரிக்கைப் பற்றி நல்லதும் வேண்டாம் கெட்டதும் வேண்டாம். அவர்கள் போகிற வரை நாய் அடித்தளத்தில் இருக்க வேண்டும், விளையாட்டு வித்தை ஒன்றும் கூடாது. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சரி என்றான். பேத்தியை இவனும் பார்க்க ஆசைப்பட்டான் என்றுதான் ஸ்டெஃபா நினைத்தாள். இருக்கலாம். இல்லையென்று சொல்ல நான் யார்.

அந்த ராத்திரிக்கு வழக்கப்படி வேண்டிய பன்னிரண்டு பதார்த்தமும் அவள் ஒருத்தியே செய்தாள். காளான் போட்ட பீட்ரூட் சூப், மீன், உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன், அவரை, முட்டைக்கோஸ் சுருள், பிரோகி. வேகவைத்த கோதுமையில் தேனும் கசகசாவும் விட்ட குட்யாவைப் பெரிய மண் பாத்திரம் நிறையச் செய்து தனியாக அலமாரி மேல் வைத்தாள். மேசையில் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் விரிப்பைப் போடுவது ஆண்பிள்ளை வேலை. கிறிஸ்து மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார் அல்லவா, அதற்காக. மேசைக்குக் கீழேயும் வைக்கோலைப் போட்டு, வாதுமைக் கொட்டையும் மிட்டாயும் இறைக்க வேண்டும். பிள்ளைகள் கோழி மாதிரிக் கொக்கரித்துக்கொண்டு பொறுக்கும். ஓரெஸ்ட் தன் கையாலேயே வைக்கோலைப் பரப்பினான். எந்த மூட்டையிலிருந்து? நாய்த் தொட்டிக்கு வாங்கிய அதே மூட்டையிலிருந்து. மீதி இருக்கிறதே, எதற்கு வீணாக்க வேண்டும் என்றானாம். நாய் அடித்தளப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. தரம் பிரிக்கத் தெரிந்த மண்டையில் இது ஒன்று மட்டும் ஏறவில்லை.

முதல் நட்சத்திரம் தெரிந்ததும் வந்தார்கள். லரிஸா கோட்டைக் கழற்றினாள். ஸ்டெஃபா அதை வாங்கி மாட்டினாள். ரொட்டி நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், ஜெபம் சொன்னார்கள், ஆளுக்கு ஒரு வாய் குட்யா தின்றார்கள். ஓரெஸ்ட் வாயைத் திறக்கவில்லை. சூப்பு ஊற்றினாள். அப்போதும் திறக்கவில்லை. ஹன்யா மேசைக்கு அடியில் புகுந்து கொக்கரித்துக்கொண்டு கொட்டை பொறுக்கியது. லரிஸா அடக்க முடியாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டு எவ்வளவு காலம். ஸ்டெஃபா சூப்பைச் சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெரிக் நல்லவன். மேசை ஊமையாகக் கிடக்கிறதே என்று பாவம் அவன்தான் பேச்சுக் கொடுத்தான். நாய் ரொம்பக் கெட்டிக்கார நாய் என்று ஊரில் சொல்கிறார்களே, உண்மையா என்று கேட்டான்.

ஓரெஸ்ட் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. ஒரே ஒரு ஆட்டம், கோப்பை மட்டும் என்றான். வேண்டாம் என்றாள் ஸ்டெஃபா.

"டெரிக்தானே கேக்கறார்" என்றான்.

அவன் பெயரை ஓரெஸ்ட் தன் வாயால் சொன்னது அதுதான் முதல் தரம். அதில்தான் ஸ்டெஃபா இளகிவிட்டாள். தடுக்கக் கையை எடுத்தவள் கீழே போட்டுவிட்டாள். ஓரெஸ்ட் போய் அடித்தளக் கதவைத் திறந்தான், மூன்று கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, சர்க்கஸ்காரன் மாதிரி நின்றான்.

நாய் கோப்பையையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கிற்று. அறை முழுக்க வைக்கோல் வாசனை. அதற்கு வைக்கோல் என்றால் சாப்பாடு, துணியின் முனை என்றால் பிடித்து இழுக்க வேண்டியது. யார் சொல்லிக் கொடுத்தது? நேராகப் போயிற்று. விரிப்பின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த வைக்கோலை மோந்தது, துணியைக் கவ்விற்று, காலை ஊன்றி ஒரே இழுப்பு.

மேசையில் இருந்த பதார்த்தமெல்லாம் கீழே போயிற்று. மெழுகுவர்த்தி சூப்பில் விழுந்து சுர்ரென்று அணைந்தது. சூப்புப் பாத்திரம் ஹன்யா இருந்த பக்கமாகக் கவிழ்ந்தது. குழந்தை அலறியது. டெரிக் குழந்தையை வெளியே இழுத்துச் சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தான். சிவப்பாக இருந்தது சூப்புதான், தோல் இல்லை. ஆறிப்போன சூப்பாக இருந்ததால் தப்பித்தது.

இந்த நேரத்தில் ஒரு மனிதன் என்ன செய்வான்? குழந்தையைப் பார்ப்பான். இல்லை, நாயையாவது பிடிப்பான். ஓரெஸ்ட் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றான். நாய் வைக்கோலுக்குள் மீனைத் தின்றுகொண்டிருந்தது.

"பாத்தீங்களா," என்றான், மெதுவாக, கோயிலில் பேசுகிற மாதிரி. "துணி வேற, வைக்கோல் வேற. ரெண்டையும் நான் சேத்துக் கத்துத் தரலை. அவனாவே யோசிச்சுட்டான். எத்தனை மனுஷனுக்கு இது வரும்?" சொல்லிவிட்டு டெரிக்கைப் பார்த்தான்.

பெயர் சொல்லவில்லை என்று பிற்பாடு சாதித்தான். கண் எங்கே போயிற்று என்று எல்லாரும் பார்த்தார்கள்.

லரிஸா எழுந்தாள். குழந்தைக்குக் கோட்டைப் போட்டாள், தனக்குப் போட்டாள். டெரிக் குனிந்து உடைந்த பாத்திரத்தைப் பொறுக்கத் தொடங்கினான். அவனையும் கையைப் பிடித்து எழுப்பினாள்.

ஸ்டெஃபாவுக்கு அந்தக் கதவு தெரிந்தது. இந்தத் தடவை மூடினால் தான் சாகிற வரைக்கும் மூடியிருக்கும் என்று தெரிந்தது. வழிமறிக்கலாமா என்று பார்த்தாள். அழலாமா என்றும் பார்த்தாள். இரண்டையும் செய்யவில்லை. அலமாரி மேலிருந்த குட்யாப் பாத்திரத்தை எடுத்தாள். அடுப்புக்குள் இரண்டாம் தட்டு முட்டைக்கோஸ் சுருள் சூடாக இருந்தது, அதையும் துணி சுற்றி எடுத்தாள். மேசையைச் சுற்றிப் போய்த் தன் கோட்டை எடுத்தாள்.

"நீ எங்க போறே?" என்றான் ஓரெஸ்ட். "இதையெல்லாம் யார் சுத்தம் பண்றது?"

"நம்பர் ஒன் நிக்கிறானே, அவனைக் கேளு" என்றாள் ஸ்டெஃபா.

போய்விட்டாள். பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, டெரிக்கின் வண்டியில், பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டி தெரு திரும்பிய பிறகு, லரிஸா முன்னாலிருந்து கையைப் பின்னால் நீட்டி அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

லரிஸா வீட்டு மேசையில் ஏதோ ஒரு விரிப்பைப் போட்டார்கள். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டே பதார்த்தம். மிச்சத்துக்கு லரிஸா ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள், டெரிக் வெங்காயம் நறுக்கினான். ஹன்யா பாட்டி மடியில் உட்கார்ந்து அவளைப் பாபா பாபா என்று கூப்பிட்டுக்கொண்டு தேன் கோதுமையை விரலால் வழித்துத் தின்றது. ஸ்டெஃபா ஆசைப்பட்டதும் இதுதானே, மகளோடு ஒரு மேசை. அது எந்த வீட்டு மேசை என்று அவள் இனிமேல் அடம்பிடிக்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. ஓரெஸ்ட். கையில் ஸ்டெஃபாவின் ரத்த அழுத்த மாத்திரை டப்பா. இப்படிப்பட்ட ஆள்கள் சும்மா வரமாட்டார்கள், எதையாவது சாக்காகத் தூக்கிக்கொண்டுதான் வருவார்கள். டெரிக் கதவைத் திறந்து டப்பாவை வாங்கி நன்றி சொன்னான். இவன் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பூட்ஸில் சூப்புக் கறை.

லரிஸா மேசையை விட்டு எழாமலே பேசினாள்.

"வந்தது மாத்திரைக்குன்னா கொடுத்தாச்சு. வேற எதுக்காவதுன்னா சொல்லுங்கப்பா. என்கிட்ட இல்ல, அவர்கிட்ட."

இவ்வளவு காலம் அடுத்தவர்களுக்கு நம்பரை வாரி வாரிக் கொடுத்தவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்ல வரவில்லை. குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. டெரிக் அவசரப்படுத்தவில்லை. அவனுக்குத்தான் காத்திருக்கத் தெரியுமே.

"நான் அன்னைக்குச் சொன்னது தப்பு," என்றான் கடைசியில். "இன்னைக்குப் பாத்ததும் தப்பு."

டெரிக் வழக்கம்போல யோசித்தான். யோசித்துவிட்டு, "உள்ள வாங்க, சூடெல்லாம் வெளிய போகுது" என்றான்.

மேசையில் இடமில்லை. சமையலறை முக்காலியைப் போட்டார்கள், ஓரெஸ்ட் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு சுருள் தின்றான். எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தின்று முடித்து, கிளம்பலாமா என்று ஸ்டெஃபாவைப் பார்த்தான். நீ போ என்றாள். அவள் திரும்பிப் போனது, கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து வருகிற, தண்ணீர் மந்திரிக்கிற ஜோர்தான் திருநாள் கழிந்த பிறகுதான். அதற்குள் கம்பளத்தில் பீட்ரூட் கறையைத் தேய்த்துத் தேய்த்து அவனுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. கறை போகவில்லை.

ஸ்டெஃபா கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம், புனித நாளாயிற்றே என்று தேவாலயச் சமையலறையில் சில பெண்கள் சொன்னார்கள். ஏன் இறங்க வேண்டும்? அவள் ஏறியதே இல்லையே. எந்நேரமும் ஏறி உட்கார்ந்திருந்தவன் அவன்.

நாய் இன்னும் இருக்கிறது. ஸ்டெஃபா அதற்கு மஃபின் என்றே கூப்பிடுகிறாள், வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. பந்தைத் தள்ளி விளையாடுகிறது, பொம்மையை எடுத்து வருகிறது, அதன் சந்தோஷம் அதற்கு. காப்பிக் கடையில் அதைப் பற்றிய பேச்சு குறைந்துவிட்டது. லரிஸா இன்றுவரை அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவில்லை. ஓரெஸ்ட்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும், நாயை வீட்டில் விட்டுவிட்டு, மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறான். கூப்பிட்டால் மட்டும். கூப்பிடாத ஞாயிறுகளும் உண்டு.